மோட்டார் ஸ்கேனர் வேலை செய்யாதபோது கவனிக்க வேண்டியவை

பெரம்பலூருக்கு மேற்கே துறையூர்ச் சாலையில் உள்ள குரும்பலூரிலும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவை முக்கியமான பயிர்களாகும். இவற்றுள் சின்ன வெங்காயம் அறுவடையான பின்பும் குடியானவரின் கவலையை விட்டு நீங்குவதில்லை. பட்டறையில் காத்து வைத்த காயைச் சாக்கில் பிடித்து வண்டியில் ஏற்றிய பிறகு, அவ்வண்டி வழியில் நின்றுவிட்டால், காய் புழுங்கிக் கெடுகிறது. நாள் தவறிச் சந்தையை அடைந்தால் விலையும் தவறுகிறது. ஆகையால், மோட்டார் வண்டியின் பழுதைச் சீக்கிரம் கண்டறிவது பயிர்த்தொழிலைச் சேர்ந்த காரியமே என்பதில் ஐயமில்லை.

பழைய டீசல் வண்டிகளின் பழுதை மெக்கானிக்குகள் காதால் கேட்டும் கையால் தொட்டும் அறிந்து வந்தனர். தற்கால வண்டிகளிலோ, இஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் எப்பொழுது செல்ல வேண்டும் என்பதை ஈ.சி.யு. என்னும் கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. பழுது ஏற்பட்டால் அதன் குறியீட்டை அப்பெட்டியே தன் ஞாபகத்தில் பதித்துக்கொள்கிறது. அக்குறியீட்டை வெளியே வாசிப்பதற்குரிய கருவியே ஸ்கேனர். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால், இதை வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கும் குடியானவர்கள் பலர் உளர்.

ஆயினும், வேண்டிய சமயத்தில் ஸ்கேனரே வேலை செய்யாமற்போவது சாதாரணமாய் நிகழ்கிறது. அப்பொழுது சிலர் கருவி கெட்டுவிட்டதென்று எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகின்றனர். வேறு சிலர் ஈ.சி.யு. போய்விட்டதென்று பயந்து, பெருந்தொகை கொடுத்து அதை மாற்றச் சம்மதிக்கின்றனர். இரண்டும் பெரும்பாலும் அநாவசியச் செலவே. கிணற்று மோட்டார் ஓடாவிட்டால், எவரும் உடனே மோட்டாரை மேலே தூக்குவதில்லை. முதலில் கரண்டு வருகிறதா என்றும், பிறகு பியூஸ் இருக்கிறதா என்றும், அதன் பின் ஸ்டார்ட்டரையும் பார்க்கின்றனர். அதே ஒழுங்கை ஸ்கேனர் விஷயத்திலும் அனுசரித்தால், கருவி பேசாமல் இருப்பதே பழுது எங்கே என்பதற்கு ஓர் அடையாளமாகிவிடும்.

கருவியின் வரலாறும் அமைப்பும்

வண்டி தன் பழுதைத் தானே பதிவு செய்யும் இம்முறைக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1988-ஆம் ஆண்டு மாடல் வண்டிகள் முதல் இது கட்டாயமாயிற்று. 1996 முதல் அமெரிக்கா முழுவதிலும், எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் ஒரே வடிவச் சாக்கெட்டும் பொதுவான குறியீடுகளும் ஏற்பட்டன.

அச்சாக்கெட்டு ஸ்டீயரிங்கின் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு மேற்புறம் இருக்கும். அதில் வரிசைக்கு 8 ஆக இரண்டு வரிசையில் 16 துளைகள் உண்டு. அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ் வரிசையில் 9 முதல் 16 வரையும் எண்ணிக்கொள்ள வேண்டும். எல்லாத் துளைகளிலும் தகடு இராது. தேவையானவற்றில் மட்டுமே இருக்கும். அவற்றுள் குடியானவர் அறிய வேண்டியவை சிலவே:

16-ஆம் துளை: பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம்.

4-ஆம், 5-ஆம் துளைகள்: எர்த்து.

6-ஆம், 14-ஆம் துளைகள்: கேன் என்னும் செய்திக் கம்பிகள் இரண்டு. இம்முறையை ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது.

7-ஆம் துளை: கே லைன் என்னும் பழைய முறைச் செய்திக் கம்பி.

ஸ்கேனருக்குத் தனிப் பாட்டரி பெரும்பாலும் கிடையாது. 16-ஆம் துளையின் மின்சாரத்தில்தான் அது உயிர் பெறுகிறது. மற்றத் துளைகளின் வழியாக ஈ.சி.யு.வுடன் பேசுகிறது. சிறு கருவிகளில் திரை இல்லாமையால், புளூடூத் அல்லது வைஃபை மூலம் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆகவே, மின்சாரம், கைபேசி, வண்டி ஆகிய மூன்று இடங்களில் ஏதேனும் ஒன்றில் தடை நேரலாம். எந்த இடத்தில் தடை என்று முதலில் பிரித்தறிவதே இவ்விஷயத்தில் பாதி வேலையாகும்.

எவ்வண்டிக்கு இக்கருவி உதவும்?

பரிசோதனையைத் தொடங்குமுன், கருவிக்கும் வண்டிக்கும் பொருத்தம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாத இடத்தில் தேடுவதால் பயனில்லை.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010 ஏப்ரல் 1 முதல் பெருநகரங்களிலும், 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதிலும் அமலுக்கு வந்தது. அவ்விதிக்குட்பட்ட வண்டிகளுக்கு ஓ.பி.டி.யின் முதற்படி 2010-லும், இரண்டாம் படி 2013 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கப்பட்டன. ஆகையால், பெரம்பலூர் போன்ற ஜில்லாக்களில் 2017-க்கு முன் வாங்கிய சரக்கு வண்டி, பழைய பாரத் ஸ்டேஜ் 3 வகையாக இருத்தல் கூடும். அதில் 16 துளைச் சாக்கெட்டு காணப்பட்டாலும், கம்பெனியின் சொந்த முறையில் பேசுவதாக இருந்தால் பொது ஸ்கேனருக்குப் பதில் கிடைக்காது. அது பழுதன்று. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 கார்களிலும் சரக்கு வேன்களிலும் இச்சந்தேகத்திற்கு இடமில்லை. புதிய பதிவுச் சான்றுகளில் வண்டி எந்த ஸ்டேஜைச் சேர்ந்தது என்று குறிக்கப்பட்டிருக்கும்.

டிராக்டர் விஷயம் வேறு. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் ஸ்டேஜ் 4 விதி அமலானபின், அவற்றில் கணினியால் இயங்கும் டீசல் முறை வந்துள்ளது. அவற்றுள் சிலவற்றில் 9 முனைகள் கொண்ட வட்டச் சாக்கெட்டு இருக்கும். அதற்குத் தனி வயரும் தனி மென்பொருளும் வேண்டும். அதற்குக் குறைந்த சக்தியுள்ள டிராக்டர்கள் பெரும்பாலும் பழைய பம்பு வகையே ஆதலால், ஸ்கேனர் அவற்றிற்கு உதவாது.

பெரிய லாரிகளில் 24 வோல்ட் மின்சாரம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கென்று செய்த மலிவான கருவியை அவற்றில் செருகினால் அது எரிந்துபோகலாம். செருகும்போது இறுகினால் பலவந்தம் செய்யாமல், அது எவ்வகைச் சாக்கெட்டு என்று விசாரிப்பது உசிதம்.

முதற் பரிசோதனை: மின்சாரம்

கருவியைச் செருகி, அதன் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவில்லையானால், முதலில் வேறொரு வண்டியில் அதே கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிஷமே பிடிக்கும். அங்கே எரிந்தால் கருவி நல்லது. குறை வண்டியின் சாக்கெட்டில் என்று ஏற்படும். அங்கும் எரியாவிட்டால் கருவியை மாற்றலாம்.

சாக்கெட்டில் மின்சாரம் இல்லாமைக்கு மிகச் சாதாரணமான காரணம் பியூஸ் போனதே. பல வண்டிகளில் 16-ஆம் துளைக்குச் செல்லும் கம்பியும், சிகரெட் லைட்டர் துளைக்குச் செல்லும் கம்பியும் ஒரே பியூஸைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டிரைவர்கள் அத்துளையில் மட்டமான கைபேசிச் சார்ஜரைச் செருகுவதாலும், ஒரு காசு அல்லது கம்பித் துண்டு அதனுள் விழுவதாலும் பியூஸ் எரிந்துவிடுகிறது. கைபேசி சார்ஜ் ஆகாததை எவரும் பொருட்படுத்துவதில்லை. சில மாதம் கழித்து ஸ்கேனரைச் செருகும்போதுதான் குறை வெளிப்படுகிறது. ஆகையால், ஸ்கேனர் எரியாவிட்டால் சார்ஜர் துளை வேலை செய்கிறதா என்று கேட்பது நல்லது.

பியூஸை மாற்றும்போது அதே ஆம்பியர் உள்ளதையே போட வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறத்தால் அறியலாம். பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் வழக்கம், வீட்டு மெயினில் ஆனாலும் வண்டியில் ஆனாலும், நெருப்புக்கு வழி செய்வதாகும். புதிய பியூஸும் உடனே எரிந்தால் கம்பி எங்கோ உராய்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே செல்லலாகாது.

பியூஸ் நன்றாயிருந்தும் விளக்கு எரியாவிட்டால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். 16-ஆம் துளைக்கும் 4-ஆம் துளைக்கும் இடையே பாட்டரியின் வோல்ட்டேஜ் அப்படியே காண வேண்டும். பிறகு 16-க்கும் 5-க்கும் இடையே பார்க்க வேண்டும். 16-ஆம் துளையையும் வண்டியின் வெற்றிரும்பையும் தொட்டால் வோல்ட்டேஜ் வந்து, 4-ஐத் தொட்டால் வராவிடில், எர்த்துக் கம்பி அறுந்திருக்கிறது. இஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பாட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட் வரை காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால், பாட்டரியைச் சார்ஜ் செய்த பிறகே மற்றப் பரிசோதனைகளை நம்ப வேண்டும். சோர்ந்த பாட்டரியில் ஸ்கேனர் பேச ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடும்.

இரண்டாம் பரிசோதனை: கைபேசி

கருவியின் விளக்கு எரிந்தும் கைபேசி அதைக் காணவில்லையெனில், குறை வண்டியில் இல்லை. இந்நிலையில் வண்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. புளூடூத் கருவியை முதலில் கைபேசியின் செட்டிங் பகுதியில் சேர்க்க வேண்டும். கேட்கும் இரகசிய எண் சாதாரணமாக 1234 அல்லது 0000.

2. இவ்வகைக் கருவி ஒரு சமயத்தில் ஒரு கைபேசியோடுதான் பேசும். முன்பு சேர்த்த டிரைவரின் கைபேசி அருகில் இருந்தால், அதுவே தொடர்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதன் புளூடூத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

3. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில், இருப்பிடம் அறியும் அனுமதியைச் செயலிக்குக் கொடுத்தாலன்றிப் புளூடூத் கருவியைத் தேட முடியாது.

4. பழைய வகைப் புளூடூத் கருவிகளை ஐபோன் ஏற்பதில்லை. அதற்கு வைஃபை வகையோ, குறைந்த சக்திப் புளூடூத் வகையோ வேண்டும்.

5. வைஃபை வகையானால், கைபேசியின் இணைய டேட்டாவைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். அவ்வைஃபையில் இணையம் இல்லாமையால் கைபேசி தானாகவே விலகிவிடுவது உண்டு. செயலியில் முகவரி பெரும்பாலும் 192.168.0.10 என்றும், போர்ட் 35000 என்றும் இருத்தல் வேண்டும்.

கருவியின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இச்சிறு கருவிகளுக்கு மூலம், கனடா நாட்டு எல்ம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி செய்த எல்ம் 327 என்னும் சில்லு ஆகும். அக்கம்பெனி 2022-இல் மூடப்பட்டது. மலிவாக விற்பவை பெரும்பாலும் அதன் நகல்களே. நகல்களுள் நல்லவையும் உண்டு. ஆனால் சில, கேன் முறையில் மட்டும் பேசி, கே லைன் வண்டிகளில் வாய் திறப்பதில்லை. ஒரு வண்டியில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாத கருவி இவ்வினத்தைச் சேர்ந்ததா என்று சந்தேகிக்க இடமுண்டு.

மூன்றாம் பரிசோதனை: வண்டி

கைபேசியும் கருவியும் சேர்ந்தும், வண்டியிலிருந்து பதில் வரவில்லையென்றால், முதலில் சாவியைக் கவனிக்க வேண்டும். விளக்கு எரிவதைக் கண்டு சாவி போட்டாயிற்று என்று எண்ணலாகாது. 16-ஆம் துளைக்குச் சாவி இல்லாமலே மின்சாரம் வருமாதலால் கருவி எரியும், ஈ.சி.யு.வோ சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால்தான் விழிக்கும். ஸ்டார்ட் பொத்தான் உள்ள வண்டிகளில் பிரேக்கையும் கிளச்சையும் மிதிக்காமல் பொத்தானை இருமுறை அழுத்த, பெரும்பாலும் இந்நிலை ஏற்படும்.

சாவியைத் திருப்பியவுடன் டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கைப் பார்க்க வேண்டும். இது செலவில்லாத ஆனால் மிகப் பிரயோஜனமான பரிசோதனை. நல்ல வண்டியில் அவ்விளக்கு சாவி போட்டதும் எரிந்து, இஞ்சின் பிடித்தபின் அணையும். விளக்கே எரியாமலும், இஞ்சின் சுற்றியும் பிடிக்காமலும் இருந்தால், பெரும்பாலும் ஈ.சி.யு.வுக்கே மின்சாரம் செல்லவில்லை. அப்பொழுது ஸ்கேனர் மௌனமாயிருப்பது குறையன்று. அது உண்மையையே அறிவிக்கிறது.

ஓர் உதாரணம் கூறலாம். வெங்காயம் ஏற்றத் தயாராயிருக்கும் ஒரு வேன், முதல் நாள் இரவு பட்டறைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது; இஞ்சின் பிடிக்கவில்லை. ஸ்கேனரின் விளக்கு எரிகிறது, கைபேசியும் சேர்கிறது, வண்டியோ பதில் தரவில்லை. இஞ்சின் விளக்கும் எரியவில்லை. மின்சாரமும் கைபேசியும் இதனால் நீங்கிவிட்டன. மிஞ்சுவது ஈ.சி.யு.வுக்குச் செல்லும் பியூஸ், மெயின் ரிலே, எர்த்துக் கம்பி ஆகிய மூன்றே. பானெட்டைத் திறந்து ரிலேக்குச் செல்லும் கம்பிகளைப் பார்த்தால், எலி கடித்த அடையாளம் காணப்படலாம். பட்டறையும் தானியமும் உள்ள இடத்தில் எலி இருக்கும். இரவில் சூடான இஞ்சின் அதற்கு நல்ல மறைவிடம். அறுந்த கம்பியைச் சுத்தம் செய்து பற்றவைத்துச் சுற்றினால், சிறு செலவில் வண்டி கிளம்பும். இந்த ஒழுங்கில் பாராதவர் அதே வண்டியை இழுத்துச் சென்று, ஈ.சி.யு.வுக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பார். சரக்கு சாக்கிலேயே புழுங்கும்.

பியூஸும் ரிலேயும் எர்த்தும் சரியாக இருந்தும் ஈ.சி.யு. விழிக்காவிட்டால், இன்னொரு காரணமும் உண்டு. ஈ.சி.யு. தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. அச்சென்சார்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும், அதன் கம்பி இரும்பில் உராய்ந்தாலும், சில வண்டிகளில் ஈ.சி.யு. முழுவதும் ஓய்ந்துவிடும். சாவியை நிறுத்தி, சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் சாவி போட்டு ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் ஸ்கேனர் பேசுகிறதோ, அதிலேயே குறை உள்ளது.

இஞ்சின் விளக்கு எரிந்து, வண்டியும் ஓடி, ஸ்கேனர் மட்டும் பேசாவிட்டால், செய்திக் கம்பிகளைப் பார்க்க வேண்டும். சாவியை நிறுத்தி, பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுத்து, 6-ஆம் துளைக்கும் 14-ஆம் துளைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளக்க வேண்டும். கேன் கம்பிகளின் இரு கோடியிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால், இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டுவது முறை. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்துள்ளது. பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமே காட்டாவிட்டால் சாக்கெட்டுக்கு வரும் கம்பி அறுந்திருக்கலாம். நடுவில் கேட்வே என்னும் பெட்டி வைத்த வண்டிகளில் இவ்வளவுகள் மாறுமாதலால், அங்கே இவ்வளவை மட்டும் கொண்டு தீர்மானம் செய்யலாகாது. கே லைன் வண்டியானால், பாட்டரியைத் திரும்ப மாட்டிச் சாவி போட்ட நிலையில், 7-ஆம் துளையில் பாட்டரி வோல்ட்டேஜுக்கு நெருங்கிய அளவு காண வேண்டும்.

குறியீடு கிடைத்தபின்

ஸ்கேனர் பேசிவிட்டால் வேலை முடிந்துவிடாது. குறியீட்டை முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் அழித்துவிட்டால், பழுது நேர்ந்த சமயத்தில் இஞ்சினின் வேகம், சூடு முதலியவற்றைப் பற்றி ஈ.சி.யு. பதித்திருந்த விவரமும் சேர்ந்து அழியும். பாட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இவை அழியக்கூடும். ஆகவே, பாட்டரியைக் கழற்றும் பரிசோதனை கடைசியில்தான் வர வேண்டும்.

குறியீடு எந்த வயலில் நோய் என்று காட்டும். எந்தச் செடியில் என்று காட்டாது. உதாரணமாக, பி 0087 என்பது டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று மட்டும் பொருள்படும். அதற்கு அடைந்துபோன பில்டர், காற்றுப் புகும் குழாய், தேய்ந்த பம்பு ஆகிய எதுவும் காரணமாகலாம். விலை குறைந்த பில்டரை முதலில் பார்ப்பதே முறை. குறியீடு இல்லை என்று காட்டுவதும் வண்டியில் பழுதே இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பொது ஸ்கேனர்கள் பெரும்பாலும் இஞ்சினையும் புகையையும் பற்றிய குறியீடுகளையே வாசிக்கும், ஏ.பி.எஸ். பிரேக்கு, ஏர்பேக்கு முதலியவற்றிற்குக் கம்பெனிக் கருவி வேண்டும்.

செய்யத் தகாதவை

துளைகளில் தடித்த ஊசியையோ கம்பியையோ திணிக்கலாகாது. தகடு விரிந்துபோனால் அதன் பின் எந்த ஸ்கேனரும் பிடிக்காது. செய்திக் கம்பிகளைச் சோதனை பல்பினால் தொடலாகாது. மஞ்சள் உறையிட்ட கம்பிகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவையாதலால், அவற்றைத் தொடவே கூடாது. வண்டி கழுவும்போது சாக்கெட்டின் மீதும் ஈ.சி.யு. பிளக்குகளின் மீதும் தண்ணீரைப் பாய்ச்சலாகாது. கருவியைச் செருகியபடியே வண்டியை நாட்கணக்கில் நிறுத்தினால் பாட்டரி இறங்கிவிடும். வண்டி ஓடும்போது டிரைவர் கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து.

கிராமப் பொதுவில் செய்யக்கூடியது

ஒவ்வொருவரும் மலிவான கருவி ஒன்று வாங்குவதைக் காட்டிலும், பத்துப் பதினைந்து வண்டிகள் உள்ள ஊரில், நம்பத்தக்க ஸ்கேனர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, பலவகைப் பியூஸ்கள் ஒரு பெட்டி ஆகியவற்றைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ உழவர் குழுவிலோ பொதுவாக வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு நோட்டும் இருக்க வேண்டும். எந்த வண்டியில் எந்தத் தேதியில் என்ன குறியீடு வந்தது, எதை மாற்றியபின் நீங்கியது என்று அதில் எழுதி வந்தால், இரண்டு அறுவடைக்குள் அந்நோட்டே ஊருக்கு ஒரு மெக்கானிக்காக அமையும். உள்ளூர் மன்ற வண்டிகளுக்குப் பொறுப்பான கிராம அதிகாரிகளும், ஈ.சி.யு. மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு வந்தால், பியூஸ், ரிலே, எர்த்து, கம்பி ஆகிய நான்கும் பரிசோதிக்கப்பட்டனவா என்று எழுத்தில் கேட்டறிந்த பின்னரே செலவுக்குச் சம்மதிப்பது உசிதம்.

அறுவடை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, வண்டி நன்றாக ஓடும்போதே, ஸ்கேனரைச் செருகி அது பேசுகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நாளில் பேசிய கருவி பழுதான நாளில் பேசாவிட்டால், பொருத்தம், கைபேசி முதலிய சந்தேகங்கள் அப்போதே நீங்கிவிடும். தேட வேண்டிய இடமும் பாதியாகக் குறையும். சரக்கு ஏற்றிய பிறகு செய்யும் பரிசோதனைக்குக் காய் காத்திராது.